டெலஸ்கோப் அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல கிளப்ல சேருங்க: அமெச்சூர் அஸ்ட்ரானமி கிளப் மெம்பர்ஷிப் ரிவ்யூ

"பிகினருக்கு எந்த டெலஸ்கோப் நல்லது"ன்னு கேக்குறவங்க எல்லாருக்கும் நான் இப்பல்லாம் ஒரே பதில்தான் சொல்றேன். இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க, பக்கத்துல ஏதாவது அமெச்சூர் அஸ்ட்ரானமி கிளப் இருக்கான்னு பாத்து அதுல சேருங்க. நான் சேர்ந்து ஒரு வருஷம் ஓடி வானம் ஒரு முழு சுத்து வந்தாச்சு, அதாவது ஓரியன் நட்சத்திரக் கூட்டம் சீசன் முடிஞ்சு மேற்குல மறையுறதையும் பாத்தாச்சு, மறுபடி அது கிழக்குல ஏறுறதையும் பாத்தாச்சு, அதனால ஓரளவுக்கு நியாயமா எழுத முடியும்னு நினைக்கிறேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார். கிளப் பேரு போடல, ஏன்னா திட்டப்போறதும் கொஞ்சம் இருக்கு, அதோட வேற கிளப்ல இருக்குறவங்ககிட்ட பேசுன வரைக்கும் அங்கயும் கிட்டத்தட்ட இதே கதைதான் ஓடுது.

கிளப்னா என்னத்த பண்ணுவாங்கன்னு தெரியாதவங்களுக்கு: எல்லாமே நிலாவை வச்சுதான் பிளான் ஆகும். அமாவாசைய ஒட்டி வர்ற வீக்கெண்ட்ல ஊருக்கு வெளிய இருட்டான இடத்துக்கு போவாங்க, அதுதான் மெயின் அப்சர்விங் நைட். வளர்பிறை பாதி நிலா டைம்ல பொதுமக்களுக்கு டெலஸ்கோப் வச்சு காட்டுவாங்க. பாதி நிலா ஏன்னா, முழு நிலாவுல சூரிய வெளிச்சம் நேரா விழுறதால நிழலே இருக்காது, பாக்குறதுக்கு சப்புன்னு இருக்கும், பாதி நிலாவுல வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல பள்ளம் மேடு எல்லாம் நீள நீளமா நிழல் விழுந்து செம்மையா தெரியும். இது போக மாசம் ஒரு மீட்டிங், அதுல யாராவது பேசுவாங்க, சில நாள் சூப்பரா இருக்கும், சில நாள் தூக்கம் வரும். அப்புறம் வாட்ஸப் குரூப். அதைப் பத்தி கீழ தனியா திட்டுறேன்.

முதல் தடவை டார்க் சைட்டுக்கு, அதாவது ஊருக்கு வெளிய இருக்குற அந்த இருட்டான இடத்துக்கு போறவங்களுக்கு ஷாக் ஆகுறது இருட்டு இல்ல, ரூல்ஸ். வெள்ளை லைட் போடக்கூடாது, சிவப்பு டார்ச் மட்டும்தான், போன் வெளிய எடுத்தா நாலு பக்கமும் இருந்து "லைட்டு லைட்டு"ன்னு குரல் வரும், கார்ல லேட்டா வந்தா தூரத்துலயே ஹெட்லைட்ட டிம் பண்ணணும், பார்க்கிங் லைட்ல உருட்டிட்டு வரணும். ஆரம்பத்துல இது என்ன ஓவரா இருக்கேன்னு தோணும். ஆனா காரணம் நிஜமானது. கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20ல இருந்து 30 நிமிஷம் ஆகும், ரெட்டினால ரொடாப்சின்னு ஒரு கெமிக்கல் மெதுவா சேரணும், ஒரே ஒரு தடவை போன் ஸ்க்ரீன பாத்தா அது அப்படியே சிதைஞ்சுடும், திரும்ப முதல்ல இருந்து. சிவப்பு வெளிச்சம் அதை அவ்வளவா பாதிக்காது, அதுக்குத்தான் சிவப்பு டார்ச். கிளப்ல இதை யாரும் க்ளாஸ் எடுக்க மாட்டாங்க, அரை மணி நேரம் சும்மா நிக்க வச்சாலே புரிஞ்சுடும், வந்தப்போ நூறு நட்சத்திரம் தெரிஞ்ச இடத்துல திடீர்னு பால்வெளி குறுக்கால நீளமா கிடக்கும்.

இப்போ நான் ஏன் கிளப்ப இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன்னு சொல்றேன். எங்க கிளப்ல ரிட்டயர்டு ஆன ஒருத்தர் இருக்காரு, எல்லாரும் சார்னுதான் கூப்பிடுவோம், சொந்தமா 12 இஞ்ச் ரிஃப்ளெக்டர், அதாவது கண்ணாடி வச்சு வெளிச்சம் சேக்குற டெலஸ்கோப் வச்சிருக்காரு. நான் போன ஆரம்ப நாள்ல எம் 51 காட்டுனாரு, வேர்ல்பூல் கேலக்ஸி, 2 கோடி ஒளியாண்டுக்கும் மேல தூரம். நானும் ஆசையா ஐபீஸ்ல, அதாவது எட்டிப் பாக்குற குட்டி லென்ஸ்ல, கண்ண வச்சேன். சாம்பல் கலர்ல ரெண்டு மங்கல், அவ்வளவுதான். நெட்ல பாத்த போட்டோவெல்லாம் மனசுல ஓடுச்சு, முகம் தொங்கிப் போயிருக்கும் போல, இருட்டுலயும் அவருக்கு தெரிஞ்சுடுச்சு.

"என்னம்மா தெரியுது?"

"ரெண்டு மங்கலா தெரியுது சார்."

"நேரா பாக்காதம்மா. அந்த பெரிய மங்கலுக்கு கொஞ்சம் மேல ஏதாவது நட்சத்திரம் இருந்தா அதப் பாரு. கவனம் மட்டும் கீழ இருக்கட்டும்."

பாத்தேன். ஒண்ணுமில்ல. "அவசரப்படாத, மூச்ச அடக்காத, மூச்சு விட்டுக்கிட்டே பாரு"ன்னாரு. அப்புறம் டியூப்ப விரல் நுனியால லேசா தட்டுனாரு, படம் சின்னதா ஆடுச்சு, அந்த ஆட்டத்துல பெரிய மங்கல சுத்தி ஒரு வளைவு தெரிஞ்சது, தெரிஞ்சு மறைஞ்சது, மறுபடி தெரிஞ்சது, அது பக்கத்துல இருக்குற சின்ன மங்கல நோக்கி நீண்டு போச்சு. நான் "சார் கை மாதிரி ஒண்ணு"ன்னு கத்துனேன், அவரு "எந்தப் பக்கம் சுத்துது சொல்லு"ன்னாரு, சொன்னேன், "ம்ம், அப்போ நிஜமாவே பாத்துட்ட"ன்னாரு. 1845ல லார்ட் ராஸ் 72 இஞ்ச் கண்ணாடி வச்ச ராட்சச டெலஸ்கோப்ல முதன்முதலா சுருள் வடிவத்த பாத்தது இதே கேலக்ஸிலதான்னு அப்புறம்தான் சொன்னாரு. முன்னாடியே சொல்லியிருந்தா இல்லாததையும் பாத்தேன்னு சொல்லியிருப்பேன், அதுக்குத்தான் சொல்லலையாம். இந்த ஓரமா பாக்குறதுக்கு ஆவர்ட்டட் விஷன்னு பேரு, மங்கலான வெளிச்சத்த பிடிக்கிற செல்லுங்க கண்ணோட நடுவுல கிடையாது, சுத்திதான் இருக்கு, அதான் விஷயம். இது எந்த டெலஸ்கோப் டப்பாவுலயும் வராது. மேனுவல்ல ஒரு வரி இருக்கலாம், ஆனா பக்கத்துல நின்னு டியூப்ப தட்டி விடுறதுக்கு ஒரு ஆள் வேணும்.

சரி, டெலஸ்கோப் விஷயத்துக்கு வருவோம். ஒரு நைட்ல ஒரே பொருள ஒரு 80 எம்எம் ரிஃப்ராக்டர் (லென்ஸ் வச்சது), ஒரு 8 இஞ்ச் டாப்சோனியன், கம்ப்யூட்டரே திருப்புற ஸ்டாண்ட் வச்ச ஒரு ஷ்மிட் கேசக்ரெய்ன் (லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த குட்டைக் குழாய்), ஒரு 10 பெருக்கல் 50 பைனாகுலர்னு நாலுலயும் வரிசையா பாத்துட்டு வரலாம், இந்த வசதி எந்த கடைலயும் கிடையாது. பாத்தா உங்களுக்கே தெரிஞ்சுடும் உங்களுக்கு எது செட் ஆகும்னு. எனக்கு டாப்சோனியன்தான் பிடிச்சது. மோட்டார் கிடையாது, ஒயர் கிடையாது, மரப்பெட்டி மேல குழாய், கையால தள்ளி திருப்பணும். இதை பிரபலமாக்குன ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோல வேதாந்த மடத்துல துறவியா இருந்தவரு, பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடிய தேச்சு தேச்சு டெலஸ்கோப் மிரர் பண்ணிக்கிட்டு இருந்தாரு, 1967ல மடத்த விட்டு அனுப்பிட்டாங்க, அடுத்த வருஷம் சைடுவாக் அஸ்ட்ரானமர்ஸ்னு ஒரு குழு ஆரம்பிச்சு ரோட்டோரமா நின்னு போற வர்றவங்கள கூப்பிட்டு நிலாவ காட்டுனாரு. இன்னைக்கு எல்லா கிளப்பும் பப்ளிக் நைட்டுன்னு பண்றதுல அவரோட சாயல் நிறைய இருக்கு.

ஒரு புது மெம்பர் பெரிய டப்பாவோட வந்தாரு, டப்பா மேல "525 மடங்கு"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது, உள்ள 60 எம்எம் லென்ஸ், தொட்டாலே நடுங்குற ஸ்டாண்ட். வித்த கடைக்காரங்க யாரோ, நல்லா இருங்கன்னு வாழ்த்தத் தோணல. கணக்கு சிம்பிள்: எவ்வளவு பெருசாக்கலாம்கிறது டெலஸ்கோப் வாயோட அகலத்தப் பொறுத்தது, ஒரு இஞ்சுக்கு 50 மடங்குதான் மேக்சிமம், அதுவும் காத்து அமைதியா இருக்குற ராத்திரில. 60 எம்எம்முக்கு 120 தாண்டுனா படம் பெருசாகும், ஆனா வெறும் மங்கல்தான் பெருசாகும். சார் அதுக்கு ஸ்டாண்டு கால்ல எடை கட்டித் தொங்க விட்டு, உள்ள இருந்ததுலயே பவர் கம்மியான ஐபீஸ் போட்டு நிலாவ காட்டுனாரு, நல்லாத்தான் தெரிஞ்சது. கிளப்ல 8 இஞ்ச் டாப்சோனியன் ஒண்ணு இரவலா தர்றாங்க, 1200 எம்எம் ஃபோகல் லென்த், அதை ஐபீஸோட எம்எம்மால வகுத்தா எத்தனை மடங்குன்னு வரும், 25 எம்எம் ஐபீஸ் போட்டா 48 மடங்கு, 10 எம்எம் போட்டா 120 மடங்கு, இந்த ரெண்டு ஐபீஸ்லயே மாசக்கணக்கா ஓட்டலாம், நான் ஓட்டுனேன். இருட்டுல நம்ம கண்ணு பாப்பா அதிகபட்சம் 7 எம்எம் விரியும், 8 இஞ்ச்னா 203 எம்எம், பரப்பளவ கணக்கு போட்டா வெறும் கண்ண விட 800 மடங்குக்கு மேல வெளிச்சம் உள்ள வருது. பெருசாக்குறது ரெண்டாவது வேலைதான், வெளிச்சம் சேக்குறதுதான் முதல் வேலை, இது புரிஞ்சாலே தப்பான டெலஸ்கோப் வாங்க மாட்டீங்க. இரவலுக்கு வெயிட்டிங் லிஸ்ட் இருக்கு, சேர்ந்த உடனே பேரு எழுதி வைங்க.

சனி கிரகத்த பத்தி எழுதாம இந்த ரிவ்யூ முடியாது. பப்ளிக் நைட்ல க்யூல நின்னு முதல் தடவை பாக்குறவங்க முக்காவாசி பேரு டெலஸ்கோப்புக்கு முன்னாடி போய் உள்ள ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருக்கான்னு எட்டிப் பாக்குறாங்க, சத்தியமா. 2025 மார்ச்ல வளையம் நம்ம பக்கம் விளிம்ப காட்டி நின்னுடுச்சு, சுமார் 15 வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி ஆகும், கோடு மாதிரி தெரிஞ்சு ஏமாந்தவங்க நிறைய. இனிமே வருஷா வருஷம் விரிஞ்சுக்கிட்டே போகும், 2032 வாக்குல நல்லா சாஞ்சு தெரியும், அதனால "போன தடவை பாத்தேன் நல்லாவே இல்ல"ன்னு முடிவு பண்ணவங்க திரும்ப வாங்க. வளையத்துக்கு நடுவுல காசினி இடைவெளின்னு ஒரு கறுப்பு கோடு, நல்ல ராத்திரில 4 இஞ்ச்லயே தெரியும். நல்ல ராத்திரின்னா மேகம் இல்லாத ராத்திரி மட்டும் இல்ல, சீயிங்னு ஒண்ணு இருக்கு, மேல காத்து கலங்கலா இருந்தா கிரகம் ஓடுற தண்ணிக்கு அடியில கிடக்குற காசு மாதிரி நெளியும். நட்சத்திரம் ரொம்ப மினுக்குற ராத்திரி பாக்க அழகா இருக்கும், கிரகம் பாக்குறவங்களுக்கு மட்டும் அது கெட்ட சகுனம். இந்த மாதிரி ராத்திரில சீனியருங்க கிரகத்த விட்டுட்டு கேலக்ஸி, நெபுலா (விண்வெளில இருக்குற வாயு, தூசி மேகம்) பக்கம் போயிடுவாங்க, புதுசா வந்தவங்கதான் வியாழன் ஏன் ஃபோகஸ் ஆகலன்னு நாப்ப திருகிக்கிட்டே இருப்பாங்க. வியாழன்னு சொன்னதும் ஞாபகம் வருது, அதோட நிலாக்கள்ல ஒண்ணான அயோவோட நிழல் வியாழன் மேல கறுப்பு புள்ளியா நகர்றத ஒரு தடவை பாத்தேன், அந்த கிரகம் 10 மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து சுத்துறதால ஒரே ராத்திரில முகமே மாறிடுது, எத்தனை தடவை பாத்தாலும் சலிக்கல.

கிளப்போட இன்னொரு பிளஸ், ஆளாளுக்கு ஒரு கிறுக்கு. ஒரு அக்கா இருக்காங்க, டபுள் ஸ்டார், அதாவது ஒட்டி ஒட்டி ஜோடியா தெரியுற நட்சத்திரம் மட்டும்தான் பாப்பாங்க. சப்தரிஷில வசிட்டர் பக்கத்துல அருந்ததி வெறும் கண்ணுக்கே தெரியும், ஆனா டெலஸ்கோப்ல வசிட்டரே ரெண்டா பிரிஞ்சு நிக்கும், அதை எனக்கு காட்டுனது அவங்கதான். சிக்னஸ் நட்சத்திரக் கூட்டத்துல அல்பிரியோன்னு ஒண்ணு, ஒரு நட்சத்திரம் பொன் நிறம், ஒட்டி நிக்கிறது நீலம், சின்ன டெலஸ்கோப்லயே பிரியும், சிட்டிக்குள்ள மொட்ட மாடில இருந்தும் பாக்கலாம். "நிலா இருந்தா என்ன, லைட்டு இருந்தா என்ன, என் ஆளுங்க எப்பவும் வருவாங்க"ன்னு அக்கா சொல்லுவாங்க. லைட் பொல்யூஷனுக்கு நடுவுல வாழ்றவங்களுக்கு இது பெரிய ஆறுதல். வான இருட்ட அளக்க ஜான் போர்ட்டில் 2001ல 1ல இருந்து 9 வரைக்கும் ஒரு ஸ்கேல் போட்டாரு, 1 சுத்த இருட்டு, 9 சிட்டி நடு. கேலக்ஸி பாக்கணும்னா 4க்கு கீழ போங்க, டபுள் ஸ்டாருக்கும் கிரகத்துக்கும் 9ம் போதும்.

இன்னொருத்தர் வேரியபிள் ஸ்டார், அதாவது வெளிச்சம் கூடிக் குறையுற நட்சத்திரம் பாக்குற ஆளு. டெலஸ்கோப்பே இல்லாம நோட்டு மட்டும் எடுத்துட்டு வருவாரு. அல்கோல்னு பெர்சியஸ் நட்சத்திரக் கூட்டத்துல ஒரு நட்சத்திரம், 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒரு தடவை மங்கும், கூட சுத்துற இன்னொண்ணு குறுக்க வந்து மறைக்கிறதாலதான் மங்குது போலன்னு 1783ல ஜான் குட்ரிக்னு காது கேக்காத ஒரு சின்னப் பையன் யோசிச்சு சொன்னான், டீன் ஏஜ்தான். வெறும் கண்ணாலயே இதை இப்பவும் பாக்கலாம், மங்குற ராத்திரில சாயங்காலம் பாத்து வச்சுக்கிட்டு சில மணி நேரம் கழிச்சு பாத்தா பக்கத்து நட்சத்திரத்த விட டல்லா இருக்கும். 2019 கடைசில இருந்து 2020 பிப்ரவரி வரைக்கும் திருவாதிரை மங்குனப்போ உலகம் முழுக்க அமெச்சூர் ஆளுங்க இதே மாதிரி வெறும் கண்ணால ரோகிணியோட ஒப்பிட்டு எழுதி அனுப்புனாங்க, 1911ல ஆரம்பிச்ச ஏஏவிஎஸ்ஓன்னு ஒரு சங்கம் இதெல்லாம் சேத்து வைக்குது, விஞ்ஞானிங்க அந்த டேட்டாவ எடுத்து யூஸ் பண்றாங்க. பொழுதுபோக்குன்னு வந்துட்டு இதுல இவ்வளவு இருக்கான்னு எனக்கு ஆச்சரியமா இருந்தது.

சொந்த டெலஸ்கோப் இல்லையேன்னு கிளப்புக்கு வர கூச்சப்படுறவங்களுக்கு நான் சொல்ற ஒரே கதை தாமஸ் பாப் கதைதான். 1995 ஜூலைல அரிசோனா பாலைவனத்துல ஃப்ரெண்ட்ஸோட வானம் பாக்க போயிருந்தாரு, அவருகிட்ட டெலஸ்கோப்பே கிடையாது, ஃப்ரெண்டோட டெலஸ்கோப்ல எம் 70னு ஒரு நட்சத்திரக் கொத்த பாத்துக்கிட்டு இருந்தப்போ பக்கத்துல மேப்ல இல்லாத ஒரு மங்கல் இருந்தது. அதே ராத்திரி வேற ஊர்ல ஆலன் ஹேலும் பாத்திருந்தாரு. 1997ல உலகமே வெறும் கண்ணால பாத்த ஹேல் பாப் வால் நட்சத்திரம் அதுதான். இரவல் டெலஸ்கோப்ல பாத்தவரோட பேரு அதுல நிரந்தரமா ஒட்டிக்கிச்சு.

இப்போ அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு பாப்போம்.

முதல் குறை, போட்டோகிராஃபி கோஷ்டி. தப்பா நினைக்காதீங்க, அவங்க எடுக்குற படம் பிரமாதம், ஒரு படத்துக்கு மணிக்கணக்கா எக்ஸ்போஷர் போட்டு, வீட்டுக்குப் போய் நாள் கணக்கா ப்ராசஸ் பண்றாங்க. ஆனா டார்க் சைட்ல அவங்க லேப்டாப் வெளிச்சமும், அவங்களுக்குள்ளயே பேசிக்கிற மவுண்ட், கைடிங், ஃபில்டர் பேச்சும் புதுசா வர்றவங்கள ஓரம் கட்டிடுது. சிவப்பு ஷீட் ஒட்டுங்கன்னா ஒட்டுறேன்னு சொல்லுவாங்க, ஒட்ட மாட்டாங்க. டார்ச்சுக்கு கத்துறவங்க இதுக்கு கத்துறது இல்ல, ஏன்னா கமிட்டில பாதி பேரு அந்த கோஷ்டிதான்.

ரெண்டாவது, வாட்ஸப் குரூப். சனிக்கிழமை போறோமா இல்லையான்னு ஒரு தகவல் கண்டுபிடிக்க நூறு மெசேஜ் தள்ளணும், நடுவுல குட் மார்னிங், "செவ்வாய் நிலா அளவுக்கு பெருசா தெரியப்போகுது"ங்கிற பழைய புரளி, அதுக்கு ஒருத்தர் விளக்கம், அந்த விளக்கத்துக்கு ஒருத்தர் கோவம். அறிவிப்புக்கு மட்டும் தனி குரூப் போடுங்கன்னு கேட்டு கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். மேகம் வந்து கேன்சல் ஆகுறத நான் குறையா சொல்லல, அது யாரு கைலயும் இல்ல, மழை சீசன்ல மாசக்கணக்கா ஒண்ணுமே நடக்காது, சந்தா கட்டும்போதே அதை மனசுல வச்சுக்கங்க. ஆனா கேன்சல்னு கடைசி நிமிஷத்துல, பாதி பேரு கிளம்புன அப்புறம் சொல்றது கிளப் தப்பு.

மூணாவது, இதை பொண்ணுங்களுக்காக எழுதுறேன். டார்க் சைட்னா பாத்ரூம் கிடையாது, இல்ல இருந்தா பூட்டியிருக்கும். ஆம்பளைங்க யாருக்கும் இது ஒரு பிரச்சனையாவே தோணாது, அதனால அறிவிப்புல போட மாட்டாங்க. சேர்றதுக்கு முன்னாடி நேரா கேளுங்க: பாத்ரூம் இருக்கா, எத்தனை பொண்ணுங்க ரெகுலரா வர்றாங்க, ராத்திரி 2 மணிக்கு கிளம்பணும்னா கூட யாரு வருவாங்க. எங்க கிளப்ல டபுள் ஸ்டார் அக்காதான் சண்டை போட்டு கார்பூல் லிஸ்ட் கொண்டு வந்தாங்க, யாரு கூட வர்றோம், எத்தனை மணிக்கு திரும்புறோம்னு முன்னாடியே எழுதிடுவோம், அதுக்கப்புறம்தான் நானெல்லாம் நிம்மதியா வர்றேன். கார் ஓட்டிட்டு வர்றவங்க தூக்கத்தோட திரும்ப ஓட்டாதீங்க, ஒரு மணி நேரம் சீட்டுல சாஞ்சு தூங்கிட்டு விடிஞ்சு கிளம்புங்க, பாதி பேரு அப்படித்தான் பண்றாங்க.

இன்னொண்ணு, சில பேரு உதவி பண்றேன்னு வந்து உங்க கைல இருந்து டெலஸ்கோப்ப பிடுங்கிக்குவாங்க. அவங்களே தேடி, அவங்களே ஃபோகஸ் பண்ணி, "பாருங்க"ன்னு தள்ளி நிப்பாங்க. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவித் தாவி தேடி கண்டுபிடிக்கிறதுலதான் பாதி சுகமே இருக்கு. "நானே தேடிக்கிறேன் சார், கிடைக்கலன்னா கூப்பிடுறேன்"னு மரியாதையா சொல்லிப் பழகுங்க.

இப்போ புதுசா சீஸ்டார் மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப் வந்திருக்கு, கிளப்லயும் ரெண்டு பேரு வச்சிருக்காங்க. ஐபீஸே கிடையாது, போன்ல பேரத் தட்டுனா அதுவே திரும்பி, குட்டி குட்டி எக்ஸ்போஷரா எடுத்து அடுக்கி, பத்து நிமிஷத்துல கலர் படம் குடுக்குது. 50 எம்எம் லென்ஸ்ல சிட்டிக்குள்ள இருந்து நெபுலா வருதுன்னா அது நிஜமாவே பெரிய விஷயம், கண் பார்வை குறைஞ்சவங்க, குனிஞ்சு ஐபீஸ் பாக்க முடியாதவங்களுக்கு வரப்பிரசாதம். எனக்கு என்னவோ ஸ்க்ரீன்ல பாக்குறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமான்னு தோணுது, ஆனா இதுல என் பேச்ச கேக்காதீங்க, பப்ளிக் நைட்ல குழந்தைங்க கூட்டம் அங்கதான் மொய்க்குது.

பகல்ல சூரியன் காட்டுற நிகழ்ச்சியும் உண்டு, சன்ஸ்பாட் (சூரியன் மேல தெரியுற கறுப்பு புள்ளி) எண்ணலாம், நல்லா இருக்கும். ஆனா ஒரு விஷயம் கண்டிப்பா: ஃபில்டர் டெலஸ்கோப்போட முன் வாயில, முழுசா மூடி, காத்துல கழண்டு விழாத மாதிரி மாட்டியிருக்கணும். ஐபீஸ்ல திருகுற குட்டி சோலார் ஃபில்டர் சில பழைய டெலஸ்கோப் கூட வரும், சூட்டுல விரிசல் விட்டு கண்ணு போயிடும், பாத்தா தூக்கிப் போடுங்க. ஃபைண்டருக்கும், அதாவது குறி பாக்க மேல மாட்டியிருக்குற குட்டி டெலஸ்கோப்புக்கும், மூடி போடணும். எங்க கிளப்ல இதுல மட்டும் கமிட்டி ரொம்ப கறார், சூரியனப் பாத்து திருப்பி வச்ச டெலஸ்கோப்ப ஆள் இல்லாம ஒரு நிமிஷம் விட்டாலும் ஏறு ஏறுன்னு ஏறுவாங்க. அதுக்கு தனியா கால் ஸ்டார் குடுக்கலாம்.

சேரணும்னு முடிவு பண்ணா, சந்தா கட்டாம முதல்ல ஒரு பப்ளிக் நைட்டுக்கும் ஒரு மீட்டிங்குக்கும் சும்மா போய் பாருங்க, நிறைய கிளப்ல விருந்தாளியா விடுவாங்க. புதுசா வந்த உங்ககிட்ட யாராவது தானா வந்து பேசுறாங்களா, இல்ல கூட்டமா நின்னு அவங்களுக்குள்ளயே ஐபீஸ் விலை பேசிக்கிறாங்களான்னு கவனிங்க, அதுலயே தெரிஞ்சுடும். போகும்போது டெலஸ்கோப் வேண்டாம், வீட்டுல பைனாகுலர் கிடந்தா எடுத்துக்கங்க, கார்த்திகைக் கூட்டத்த அதுல பாக்குற அழகு பெரிய டெலஸ்கோப்ல வராது, அது அவ்வளவு அகலம். நெனச்சத விட குளிரும், ஒரே இடத்துல நிக்கிறதால, அதனால மேல போட்டுக்க ஒண்ணு எக்ஸ்ட்ரா. உக்கார மடக்கு சேர். போன்ல ஸ்டெல்லேரியம்னு வானத்தோட மேப் காட்டுற ஆப் போட்டு ரெட் மோட்ல வைங்க, ப்ரைட்னஸ அடியோட குறைங்க, அப்பவும் யாராவது கத்துவாங்க. பச்சை லேசர் சொந்தமா எடுத்துட்டு போகாதீங்க, விமானம் பக்கம் காட்டுனா பெரிய சிக்கல், கிளப்ல பழகுன ஒருத்தர் கைல ஒண்ணு இருந்தா போதும். அடுத்தவங்க டெலஸ்கோப்ப கேக்காம தொடாதீங்க, ஆனா தாராளமா கேளுங்க, "பாக்கலாமா சார்"னு கேட்டு இல்லன்னு சொன்ன ஆள நான் இன்னும் பாக்கல.

சந்தாவ புதுப்பிச்சுட்டேன். டெலஸ்கோப் இன்னும் வாங்கல, வாங்குனா 8 இஞ்ச் டாப்சோனியன்தான், அவசரம் இல்ல. இப்போ மெஸ்ஸியர் லிஸ்ட் போய்க்கிட்டு இருக்கு, வால் நட்சத்திரம் தேடும்போது குழப்புதுன்னு சார்ல்ஸ் மெஸ்ஸியர் குறிச்சு வச்ச லிஸ்ட் (எம் 51, எம் 70ல வர்ற எம் அவரு பேருதான்), மொத்தம் 110, அதுல கன்னி ராசிப் பக்கம் 5 கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்குற கேலக்ஸி கூட்டத்துல வந்து சிக்கிக்கிட்டேன், ஐபீஸ நகத்துற இடமெல்லாம் ஒரு மங்கல், எது எம் 84 எது எம் 86னு சார் வரைஞ்சு குடுத்த பேப்பர வச்சு ஒவ்வொண்ணா டிக் பண்ணிட்டு இருக்கேன். அந்த பேப்பர் வேணும்னா உங்க கிளப்ல இருக்குற பெரியவங்ககிட்ட கேளுங்க, கண்டிப்பா யாராவது ஒருத்தர் ஒண்ணு வரைஞ்சு வச்சிருப்பாரு.